நல்லவருக்குப் பாடு, கெட்டவருக்கு வாழ்வு: கிறிஸ்தவ விசுவாசம் என்ன சொல்கிறது?

ஊரை ஏமாற்றியவர் நாளுக்கு நாள் செழிக்கிறார். யாருக்கும் ஒரு தீங்கும் நினைக்காதவர் நோயில் விழுகிறார், பிள்ளையைப் பறிகொடுக்கிறார், செய்யாத குற்றத்துக்குப் பழி சுமக்கிறார். கடவுளை நம்பாதவருக்கு இது உலகத்தின் அநியாயம், அவ்வளவுதான். நம்புகிறவருக்குத்தான் இது பெரிய தலைவலி. கடவுள் நல்லவர், எல்லாம் வல்லவர், நீதியுள்ளவர் என்று அவர் சொல்கிறார். அப்படியானால் கெட்டவரைத் தடுக்கக் கடவுளால் முடியவில்லையா, அல்லது அவருக்கு மனமில்லையா?

இதைக் கேட்பதே அவிசுவாசம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஆனால் வேதாகமத்தைத் திறந்தால் இதே கேள்வியைக் கேட்டவர்கள் எல்லாரும் விசுவாசிகள்தான். துரோகிகள் ஏன் சுகமாக இருக்கிறார்கள் என்று எரேமியா தீர்க்கதரிசி கடவுளிடமே வழக்காடுகிறார் (12ஆம் அதிகாரம்). தன்னைவிட நீதிமானை ஒரு துன்மார்க்கன் விழுங்கும்போது நீர் ஏன் மௌனமாக இருக்கிறீர் என்று ஆபகூக் கேட்கிறார். துன்மார்க்கர் நெடுநாள் வாழ்ந்து வலிமை பெறுவது ஏன் என்று யோபு கேட்கிறார். இவர்களில் ஒருவரையும் கேள்வி கேட்டதற்காகக் கடவுள் தள்ளிவிடவில்லை. அதுவே ஒரு பதிலின் தொடக்கம் என்று எனக்குத் தோன்றும்.

ஆசாபின் கணக்கு

இந்த விஷயத்தைப் புதிதாகப் படிப்பவருக்கு 73ஆம் சங்கீதத்தைவிட நல்ல வாசல் கிடையாது. அது ஆசாபின் பெயரில் உள்ள சங்கீதம். ஆசாப் தாவீதின் காலத்தில் ஆராதனைப் பாடகர்களுக்குத் தலைவராக இருந்தவர். அதாவது, மற்றவர்களுக்குத் துதிப்பாடல் சொல்லிக்கொடுக்க வேண்டியவர். அவர் பெயரில் உள்ள பாட்டில், "என் கால்கள் தள்ளாடிவிழப் பார்த்தது" என்ற பொருளில் ஒரு வாக்குமூலம் வருகிறது. காரணமும் ஒளிக்காமல் சொல்லப்படுகிறது: பொறாமை. கெட்டவர்களின் வாழ்வைப் பார்த்துப் பொறாமை. அவர்கள் உடம்பு கொழுத்திருக்கிறது, சாகும்வரை ஒரு சங்கடமும் இல்லை, வாய் வானத்தைத் தொடுகிறது, கூட்டமும் அவர்கள் பின்னால் போகிறது. நானோ கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டது வீண், காலை விடிந்தால் எனக்கு அடிதான் என்கிறார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "பணக்காரனாக இருந்தாலும் உள்ளுக்குள் அவனுக்கு நிம்மதி இருக்காது" என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்வோம் இல்லையா? ஆசாப் அப்படிச் சொல்லவில்லை. கெட்டவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள் என்று ஒப்புக்கொள்கிறார். சில அநியாயக்காரர்கள் நன்றாகத் தூங்கி எழுவார்கள், வயதாகி, உறவுகள் சூழ அமைதியாகச் சாவார்கள். அதை மறைத்துவிட்டுச் சொல்லும் எந்த ஆறுதலும் பாதிக்கப்பட்டவரிடம் எடுபடாது.

ஆசாபுக்குத் திருப்பம் 17ஆம் வசனத்தில் வருகிறது. கடவுளின் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போன பிறகு அவர்களுடைய முடிவைக் கவனித்தேன் என்கிறார். அங்கே போனதும் அவருடைய நிலைமை மாறிவிடவில்லை. கெட்டவர்களின் சொத்தும் கரைந்துவிடவில்லை. அவர் பார்க்கும் தூரம் மட்டும் நீண்டது. சறுக்கலான இடத்தில் நிற்கிறவர்களை உறுதியாக நிற்பதாக நினைத்துவிட்டேன் என்று புரிகிறது. அப்புறம் அந்தப் பாட்டு கெட்டவர்களையே மறந்துவிட்டு, நீர் என் வலக்கையைப் பிடித்திருக்கிறீர், பரலோகத்தில் உம்மையல்லாமல் எனக்கு யார் உண்டு என்று வேறு திசையில் போய்விடுகிறது. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. யோபுக்கும் இதேதான் நடக்கிறது.

"என்ன பாவம் செய்தாய்?"

துன்பம் வந்தால் அது தண்டனை, செழிப்பு வந்தால் அது பரிசு என்ற கணக்கு மனித மனதில் மிக ஆழமாகப் பதிந்தது. வேதாகமத்திலும் அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உபாகமம் 28ஆம் அதிகாரம் கீழ்ப்படிந்தால் ஆசீர்வாதம், மீறினால் சாபம் என்று இஸ்ரவேல் தேசத்துக்குப் பட்டியலே போடுகிறது. நீதிமொழிகள் புத்தகம் முழுக்க உழைப்பவன் உயர்வான், சோம்பேறி கெடுவான் என்ற போக்கில் நகர்கிறது. நீதிமான் கைவிடப்பட்டதை நான் பார்த்ததே இல்லை என்று 37ஆம் சங்கீதம் அடித்துச் சொல்கிறது.

இவையெல்லாம் பொய்யா? இல்லை. நீதிமொழிகள் சொல்வது வாழ்க்கையின் பொதுவான போக்கு. நேர்மையாக வாழ்ந்தால் பெரும்பாலும் நல்லது நடக்கும், பொய் சொன்னால் பெரும்பாலும் மாட்டிக்கொள்வோம். "பெரும்பாலும்" என்பதை "எப்போதும்" என்று படிக்கும்போதுதான் வம்பு. தன் நீதியிலே கெட்டுப்போகிற நீதிமானும் உண்டு, தன் பாவத்திலே நீடித்து வாழ்கிற பாவியும் உண்டு என்று பிரசங்கி 7ஆம் அதிகாரம் பச்சையாகவே சொல்லிவிடுகிறது. ஒரே வேதாகமத்துக்குள் இந்த இரண்டு குரல்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. தொகுத்தவர்கள் எதையும் வெட்டி எறியவில்லை.

அந்தக் கணக்கை முழுசாக உடைத்துப் பார்ப்பது யோபின் புத்தகம். 42 அதிகாரங்கள். யோபு உத்தமன் என்று முதல் வசனமே சொல்கிறது, கடவுளும் அதையே சொல்கிறார். ஆக, "இந்த உலகத்தில் யார்தான் நீதிமான், எல்லாரும் பாவிகள்தானே" என்று கேள்வியையே தள்ளுபடி செய்யும் குறுக்கு வழி இங்கே அடைபட்டுவிடுகிறது. எல்லாரும் பாவிகள் என்பது கிறிஸ்தவ போதனைதான். ஆனால் யோபின் துன்பத்துக்கு அவருடைய பாவம் காரணம் அல்ல என்பதும் அதே வேதாகமம் சொல்வதுதான்.

சாத்தான் பரலோகத்தில் எழுப்பும் கேள்வி கூர்மையானது: யோபு சும்மாவா கடவுளுக்குப் பயப்படுகிறான்? வேலி போட்டுக் காத்தால் யார்தான் பக்தியாக இருக்க மாட்டார்கள்? பக்தி என்பதே ஒரு கொடுக்கல் வாங்கலா என்பதுதான் இங்கே விசாரணை. யோபு 7,000 ஆடுகளை, 3,000 ஒட்டகங்களை, பத்துப் பிள்ளைகளை, கடைசியில் உடல் நலத்தையும் இழக்கிறார். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் தரையில் அவரோடு உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருக்கிறார்கள். அந்தப் புத்தகத்தில் அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். வாய் திறந்ததும் கெட்டது. கடவுள் நீதியுள்ளவர், நீ துன்பப்படுகிறாய், ஆகவே நீ ஏதோ செய்திருக்கிறாய், மனந்திரும்பு என்று சுற்றிச் சுற்றி அதையே பேசுகிறார்கள். தர்க்கம் சுத்தமாக இருக்கிறது, ஆள்தான் நொறுங்கிப்போகிறார்.

கடைசியில் கடவுள் பெருங்காற்றிலிருந்து பேசுகிறார். நான் பூமிக்கு அஸ்திபாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்று தொடங்கி, கடல், பனி, நட்சத்திரம், வரையாடு, தீக்கோழி, லிவியாதான் என்ற கடல் மிருகம் என்று நான்கு அதிகாரம் கேள்விகள். முதல்முறை படிக்கும் பலருக்கு இங்கே ஏமாற்றமாக இருக்கும். கேட்டது என் பிள்ளைகள் ஏன் செத்தார்கள் என்று, பதில் தீக்கோழியைப் பற்றியா? பரலோகத்தில் நடந்த அந்த உரையாடலைக்கூட யோபுக்கு யாரும் சொன்னதாக இல்லை. ஆனால் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. யோபு கேட்டுக்கொண்டே இருந்தது கடவுளின் முகத்தை, அது கிடைக்கிறது. அடுத்தது, கடவுளுக்காக வக்காலத்து வாங்கிய நண்பர்கள்மேல் கடவுளே கோபப்படுகிறார். என்னைப் பற்றி யோபு பேசியதைப்போல் நீங்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். கடவுளோடு சண்டை போட்டவர் சரியாகப் பேசினார், கடவுளைக் காப்பாற்றப் பார்த்தவர்கள் தவறாகப் பேசினார்கள். துன்பத்தில் இருப்பவரிடம் காரணம் சொல்லப் போகும் எவரும் இந்த வசனத்தை ஒருமுறை படித்துவிட்டுப் போவது நல்லது.

(முடிவில் யோபுக்கு எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைக்கிறது: 14,000 ஆடுகள், 6,000 ஒட்டகங்கள். பிள்ளைகள் மட்டும் மறுபடியும் பத்துப் பேர்தான். போன பிள்ளைகளுக்கு ஈடு கட்ட முடியாது என்று கதை சொன்னவருக்கும் தெரிந்திருக்கிறது போலும்.)

இயேசுவும் இதே கணக்கை மறுக்கிறார். லூக்கா 13ஆம் அதிகாரத்தில் இரண்டு செய்திகள் வருகின்றன. பலி செலுத்த வந்த கலிலேயர்களை ரோம ஆளுநர் பிலாத்து கொன்றது ஒன்று. சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தது மற்றொன்று. ஒன்று மனிதன் செய்த கொலை, மற்றது விபத்து. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொல்கிறார். கூடவே, நீங்கள் மனந்திரும்புங்கள் என்று கேள்வியைக் கேட்டவர்கள் பக்கமே திருப்பிவிடுகிறார். யோவான் 9ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடனைக் காட்டி, இது இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்கும்போதும் இரண்டும் இல்லை என்கிறார்.

இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் அந்தப் பழைய கணக்கு சாகவில்லை. 1755 நவம்பர் 1ஆம் தேதி, சகல பரிசுத்தவான்கள் திருநாள் காலையில், போர்த்துகலின் லிஸ்பன் நகரத்தைப் பூகம்பம் தாக்கியது. ஆராதனைக்காகக் கோயில்களில் கூடியிருந்தவர்கள்மேல் கோயில்களே இடிந்து விழுந்தன. அப்புறம் தீ, கடல் பொங்கியது. இது அந்த நகரத்தின் பாவத்துக்கு வந்த தண்டனை என்று பிரசங்கித்தவர்கள் அன்றும் இருந்தார்கள். சீலோவாம் பகுதியை அவர்களும் படித்திருப்பார்கள்தானே.

கடவுள் ஏன் உடனே தலையிடுவதில்லை?

இதற்குச் சபை வரலாற்றில் பல பதில்கள் உண்டு. பரவலானது, மனிதனின் சுதந்திரம். அன்பு செய்யும் உரிமை இருக்க வேண்டுமென்றால் அன்பு செய்யாமல் இருக்கும் உரிமையும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பொய்யின்போதும் நாக்கு ஒட்டிக்கொண்டால் உண்மை பேசுவதற்கு அர்த்தம் இருக்காது. மனிதர் மனிதருக்குச் செய்யும் கொடுமைக்கு இது ஓரளவு பதில். பூகம்பத்துக்கும் புற்றுநோய்க்கும் இது போதாது. பாவத்தால் படைப்பு முழுவதுமே முறிந்துபோய், விடுதலைக்காகத் தவித்துக்கொண்டிருக்கிறது என்று ரோமர் 8ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்வதை அங்கே சேர்த்துப் பார்ப்பார்கள்.

இயேசுவின் களைகளின் உவமையில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. கோதுமை வயலில் பகைவன் களை விதைத்துவிடுகிறான். வேலைக்காரர்கள் இப்போதே பிடுங்கட்டுமா என்கிறார்கள். வேண்டாம், களையைப் பிடுங்கும்போது கோதுமையும் வேரோடு வந்துவிடும், அறுப்புவரை இரண்டும் வளரட்டும் என்கிறார் எஜமான். தீமை இருப்பதை அவர் மறுக்கவில்லை, அறுப்பு வரும் என்பதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவசரத்தைத்தான் மறுக்கிறார். ஒருவரும் கெட்டுப்போகாமல் மனந்திரும்ப வேண்டும் என்று கடவுள் பொறுமையாயிருக்கிறார் என்று பேதுருவின் இரண்டாம் நிருபமும் சொல்கிறது. முதல் இரத்தசாட்சியான ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது அதற்குச் சம்மதித்து நின்ற சவுல் என்ற வாலிபனை அன்றே கடவுள் அடித்து வீழ்த்தியிருந்தால், பிறகு அவரே பவுல் என்ற அப்போஸ்தலராக ஆகியிருக்க மாட்டார். ஸ்தேவானின் குடும்பத்துக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால், கடவுளின் பொறுமை எவ்வளவு விலை கேட்கிறது என்பதும் புரியும்.

வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்தின் ஆயராக இருந்த ஆகஸ்டின் வேறொரு கோணத்தில் சொன்னார். கி.பி. 410இல் விசிகோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தவர் ரோம் நகரைச் சூறையாடினார்கள். பழைய தெய்வங்களைக் கைவிட்டதால்தான் இந்தக் கேடு என்று கிறிஸ்தவர்கள்மேல் பழி விழுந்தது. கிறிஸ்தவர்களும்தானே அந்தச் சூறையாடலில் அவதிப்பட்டார்கள், அவர்கள் கடவுள் ஏன் காக்கவில்லை என்ற கேள்வியும் எழுந்தது. பதிலாக அவர் எழுதத் தொடங்கிய 'கடவுளின் நகரம்' 22 பாகங்களாக வளர்ந்தது. அதன் தொடக்கத்திலேயே ஒரு வாதம் வருகிறது. எல்லாப் பாவத்துக்கும் இங்கேயே தண்டனை கிடைத்துவிட்டால் கடைசி நியாயத்தீர்ப்புக்கு எதுவும் மிச்சமில்லை என்று நினைப்போம். எந்தப் பாவத்துக்கும் இங்கே தண்டனை இல்லையென்றால் கடவுளின் பராமரிப்பே இல்லை என்று நினைப்போம். ஆகவே இரண்டும் கலந்து நடக்கிறது. நன்மை தீமை இரண்டும் நல்லவருக்கும் கெட்டவருக்கும் பொதுவாக வருகிறது, அதை அவரவர் எப்படி எதிர்கொள்கிறார் என்பதில்தான் வித்தியாசம். ஏட்டறிவோடு எழுதியது என்று தள்ளிவிடவும் முடியாது. 430இல், வாண்டல்கள் என்ற இன்னொரு ஜெர்மானிய இனத்தவர் தன் ஊரான ஹிப்போவை முற்றுகையிட்டிருந்த நேரத்தில்தான் அவர் இறந்தார்.

இந்த வாதங்கள் பயனுள்ளவை. ஆனால் கிறிஸ்தவ விசுவாசத்தின் நடுமையம் இவற்றில் இல்லை.

பரபாசும் இயேசுவும்

நல்லவர் துன்பப்பட, கெட்டவர் தப்பிக்கும் காட்சியை வேதாகமம் ஒரு கட்டத்தில் அப்படியே மேடையேற்றுகிறது. பிலாத்துவின் முன் இரண்டு பேர். ஒருவர் பரபாஸ், கலகத்தில் கொலை செய்தவர். இன்னொருவர் இயேசு. இவரிடம் ஒரு குற்றமும் காணவில்லை என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவரே சொல்கிறார். கூட்டம் பரபாசைக் கேட்கிறது. கொலைகாரர் வீட்டுக்குப் போகிறார், குற்றமற்றவர் சிலுவைக்குப் போகிறார். நம் கேள்வியின் மிக மோசமான வடிவம் இதுதான். கிறிஸ்தவர்கள் தங்கள் மீட்பு நடந்த இடமாகக் காட்டுவதும் இதையேதான்.

இதனால் என்ன மாறுகிறது? துன்பப்படுகிறவர் கடவுளால் கைவிடப்பட்டவர் என்ற முடிவுக்கு இனி யாரும் வர முடியாது. கடவுளுக்கு மிகவும் பிரியமானவரே அங்கே தொங்குகிறார், என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று 22ஆம் சங்கீதத்தின் வார்த்தைகளிலேயே கதறுகிறார். யோபின் கேள்வி கடவுளின் குமாரனுடைய வாயிலிருந்தே வருகிறது. பரபாசின் இடத்தில் நம்மையும் வைத்துப் பார்க்கச் சொல்கிறது சுவிசேஷம். கெட்டவர் ஏன் தப்பிக்கிறார் என்று கோபமாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், தப்பித்தவர்களில் தானும் ஒருவர் என்று கண்டுகொள்ளும் இடம் அது. இந்த இடத்தில்தான் கிறிஸ்தவம் மற்ற விளக்கங்களிலிருந்து தனித்து நிற்கிறது என்று நினைக்கிறேன். வெளியே நின்று காரணம் சொல்லும் கடவுளாக இல்லாமல், அநியாயத்தைத் தானே வாங்கிக்கொண்ட கடவுளை அது காட்டுகிறது.

கதை வெள்ளிக்கிழமையோடு முடிந்திருந்தால் இது வெறும் சோகம். மூன்றாம் நாள் உயிர்த்தெழுதல் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்கிறது. இந்த வாழ்க்கைக்கு மட்டும் கிறிஸ்துவை நம்பினால் எல்லாரையும்விட நாம் பரிதாபத்துக்குரியவர்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இதனால்தான். மறுமை இல்லாவிட்டால் இந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவத்திடம் பதிலே கிடையாது, அதைப் பவுலே ஒப்புக்கொள்கிறார். இயேசு சொன்ன ஐசுவரியவானும் லாசருவும் கதையில் வாசலில் கிடந்த ஏழைக்கு இங்கே எந்த நியாயமும் கிடைக்கவில்லை. அங்கேதான் கிடைத்தது.

ஆனால் மறுமையைக் காட்டி இங்கே கையைக் கட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பழிவாங்குதல் எனக்குரியது என்று கடவுள் சொல்வதால் பழிவாங்கும் வேலைதான் நம்மிடமிருந்து போகிறது. ஒடுக்கப்பட்டவருக்கு உதவுங்கள், திக்கற்றவருக்கு நியாயம் செய்யுங்கள் என்ற ஏசாயாவின் கட்டளை அப்படியே இருக்கிறது.

சொல்லக்கூடாத ஆறுதல்

துன்பம் நம்மைப் புடமிடுகிறது, பொறுமையைக் கற்றுத்தருகிறது என்பதும் வேதாகமப் போதனைதான். ஆனால் அதை யார் சொல்கிறார்கள் என்பது முக்கியம். நீங்கள் தீமை நினைத்தீர்கள், கடவுளோ அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்று சொன்னவர் யோசேப்பு. அண்ணன்கள் அவரை அடிமையாக விற்றபோது வயது 17. பார்வோனின் முன் நின்றபோது 30. இடையில் அடிமைத்தனம், பொய் வழக்கு, சிறை. அதற்கும் வெகுகாலத்துக்குப் பிறகு, தன் வாழ்க்கையைப் பற்றித் தானே அப்படிச் சொன்னார். குழிக்குள் கிடந்த தம்பியைப் பார்த்து "எல்லாம் நன்மைக்கே" என்று அண்ணன்கள் சொல்லியிருந்தால் அது எவ்வளவு கொடூரம்! கடவுளிடம் அன்புகூருகிறவர்களுக்கு எல்லாம் நன்மைக்கே நடக்கிறது என்ற ரோமர் 8:28ஐத் துக்க வீட்டில் வாய்க்கு வந்தபடி எடுத்துவிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

விசுவாசம் பெரிதாக இருந்தால் துன்பம் விலகிவிடும் என்ற போதனையும் வேதாகமத்தோடு ஒத்துப்போகாது. அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தில் ஏரோது ராஜா அப்போஸ்தலனான யாக்கோபைப் பட்டயத்தால் கொல்கிறான். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தேவதூதன் சிறையிலிருந்து வெளியே கூட்டி வருகிறான். ஒரே சபை, ஒரே ராஜா. யாக்கோபின் விசுவாசம் குறைவு என்று அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா எழுதவில்லை. விளக்கம் எதுவுமே எழுதவில்லை. எபிரெயர் 11ஆம் அதிகாரம் விசுவாசத்தால் பட்டயத்துக்குத் தப்பினவர்களையும், பட்டயத்தால் வெட்டப்பட்டவர்களையும் ஒரே பட்டியலில் வைக்கிறது. பவுல் தன் உடம்பிலிருந்த முள் நீங்க மூன்று முறை வேண்டினார். கிடைத்தது, என் கிருபை உனக்குப் போதும் என்ற பதில். முள் போனதாகச் செய்தி இல்லை.

பதில் தெரியாத இடத்தில் விசுவாசிக்குக் கொடுக்கப்பட்டிருப்பது புலம்பல். சங்கீதங்களில் பெரிய பகுதி அதுதான். 88ஆம் சங்கீதம் ஒரு நம்பிக்கை வரிகூட இல்லாமல் இருளில் முடிகிறது, அதையும் சபை ஜெபமாகவே வைத்திருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் இரத்தசாட்சிகள் பலிபீடத்தின் கீழிருந்து, ஆண்டவரே, எதுவரைக்கும் என்று கேட்கிறார்கள். பரலோகத்திலேயே கேட்கப்படும் கேள்வியைப் பூமியில் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

சரி, படிக்கத் தொடங்க விரும்புகிறவர் 73ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளட்டும், அடுத்து லூக்கா 13இன் முதல் ஐந்து வசனங்கள். யோபு புத்தகத்தை முதல் தடவையே வரிக்கு வரி படிக்க முயன்றால் நண்பர்களின் பேச்சில் பாதியில் சலித்துவிடும். முதல் மூன்று அதிகாரங்கள், 21ஆம் அதிகாரம், பிறகு 38இலிருந்து கடைசிவரை என்று படித்தால் போதும். நடுவில் விட்டதை இரண்டாம் தடவை பார்த்துக்கொள்ளலாம். அப்போது எலிப்பாஸ் பேசுவது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும்.